தீபாவளி மழையில் கறித்தூள்: சரக்கு வாங்கி, காயவைத்து, அரைக்கும் முறை

மிளகாய் வெயில் கேட்கும். தீபாவளியோ மழையில் வரும். மலேசியாவின் கெடா மாநிலத்துத் தோட்டப்புற ஊர்களில் வீட்டுக் கறித்தூள் கெட்டுப்போவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். பீடோங், சுங்கை லாலாங், குரூண் பக்கமெல்லாம் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல வெயில் அடிக்கும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை நண்பகல் தாண்டினால் ஜெராய் மலைப் பக்கம் கறுத்து, மூன்று மணிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஆனால் எல்லாரும் மில்லுக்கு மூட்டை கட்டுவது அந்த அக்டோபரில்தான்.

அளவுச் சீட்டை எடுக்கும் முன்னால் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால், வறுவல் முதல் டின் வரை எல்லாம் தானாகப் புரியும். தூளில் சேரும் சரக்குகள் இரண்டு வகை நாடுகளிலிருந்து வந்தவை. மல்லி, சீரகம், சோம்பு, வெந்தயம், மிளகாய் ஆகியவை வறண்ட காற்றில் விளைந்து காய்ந்தவை. ராஜஸ்தான், குஜராத், ஆந்திரா என்று மூட்டையிலேயே எழுதியிருக்கும். மிளகு, கிராம்பு, பட்டை, ஏலம், ஜாதிக்காய் ஆகியவை நம்மைப் போல் மழை பெய்யும் ஈரநாட்டுச் சரக்குகள். முதல் வகை இங்கே வந்து இறங்கியதும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சத் தொடங்கும். அதற்கு வறுப்பது என்றால் இன்னொரு முறை காயவைப்பது. இரண்டாம் வகை கெட்டியானது, எண்ணெய் நிறைந்தது. அதற்குச் சூடு காட்டினால் போதும். மிஞ்சினால் வாசனை குவாலியிலேயே (வாணலியிலேயே) பறந்துபோகும். இரண்டையும் ஒன்றாகக் கொட்டி வறுப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு.

தமிழில் ‘சரக்கு’ என்றால் வணிகப் பொருளும் உண்டு, மசாலைப் பொருளும் உண்டு. அந்தக் காலத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

அளவு

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நான்கு மாதம் வரும் இறைச்சித் தூள், ஏறத்தாழ 2 கிலோ:

மல்லி 1 கிலோ
காய்ந்த மிளகாய், காம்பு நீக்கியபின் 500 கிராம்
சோம்பு 200 கிராம்
சீரகம் 150 கிராம்
மிளகு 100 கிராம்
விரலி மஞ்சள் 75 கிராம்
பச்சரிசி 50 கிராம்
பட்டை 40 கிராம்
வெந்தயம் 20 கிராம்
ஏலக்காய் 15 கிராம்
அன்னாசிப்பூ 15 கிராம்
கிராம்பு 10 கிராம்
கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி

மீன் தூளுக்கு மிளகாயை 600 கிராம் ஆக்குங்கள், சீரகம் 200, சோம்பு 100, மிளகு 75, மஞ்சள் 100, வெந்தயம் 40. பட்டை, கிராம்பு, ஏலம், அன்னாசிப்பூ நான்கும் வேண்டாம். அவை மீனின் வாசத்தோடு சண்டை போடும். இரண்டுக்கும் ஒரே தூள் என்பது நேரம் மிச்சம்தான், ஆனால் இரண்டுமே சுமாராக இருக்கும்.

பாட்டி காலத்துச் சீட்டு கையில் இருந்தால் ஒரு எச்சரிக்கை. அதில் காட்டியும் தஹிலும் இருக்கும். 1 காட்டி என்பது 605 கிராம். 16 தஹில் சேர்ந்தது ஒரு காட்டி. 1 தஹில் ஏறத்தாழ 38 கிராம். நூறு காட்டி ஒரு பிக்குல், அதாவது 60 கிலோவும் கொஞ்சமும். மிளகும் கிராம்பும் கப்பல் ஏறிய காலத்தில் இந்தத் துறைமுகங்களில் எடை போட்ட அலகு அதுதான். 1972இல் எடையளவுச் சட்டம் வந்து, மெல்ல மெல்லக் கடைகள் கிலோவுக்கு மாறின. அப்போது பலர் ‘காட்டி’ என்ற இடத்தில் ‘கிலோ’ என்று எழுதிக்கொண்டு, தஹிலை மட்டும் சரியாக 38 கிராம் என்று மாற்றினார்கள். மல்லியும் மிளகாயும் கூடிவிட, சோம்பும் சீரகமும் இருக்கவேண்டிய அளவில் 40 விழுக்காடு குறைந்துபோயின. ‘பாட்டி அரைத்த வாசம் வரவில்லை’ என்ற குறைக்கு மில்லைத் திட்டுவதற்கு முன் சீட்டைப் பாருங்கள். காட்டியைக் கிலோவாக வைத்துக்கொள்வதென்றால் தஹிலை 62 கிராம் என்று போடவேண்டும்.

கடையில் என்ன கேட்பது

தமிழ்க் கடை என்றால் பிரச்சினையில்லை. பசாரில் மலாய்க்காரர் கடையிலோ பேரங்காடியிலோ வாங்கும்போது ‘ஜிந்தான்’ என்று மட்டும் கேட்காதீர்கள். ஜிந்தான் பூத்தே என்பது சீரகம், ஜிந்தான் மானிஸ் என்பது சோம்பு. மாறிப்போனால் இறைச்சிக் குழம்பு ரசம் மாதிரி மணக்கும். கெத்தும்பார் மல்லி, ஹல்பா வெந்தயம், லாடா ஹீத்தாம் மிளகு, புங்கா லாவாங் அன்னாசிப்பூ, புங்கா செங்கே கிராம்பு, புவா பெலாகா ஏலக்காய். லாடா என்ற சொல்லுக்குச் சில இடங்களில் மிளகாய் என்றும் பொருள், அதனால் ‘ஹீத்தாம்’ சேர்த்துச் சொல்லவேண்டும்.

மல்லி: இந்திய மல்லி நீள்உருண்டையாகப் பெரிதாக இருக்கும், கிழக்கு ஐரோப்பிய மல்லி சிறியது, நல்ல உருண்டை. பார்ப்பதற்குப் பெரியது அழகு. எண்ணெய்ச் சத்து அதிகம் சிறியதில். தூளுக்கு இரண்டையும் பாதிப் பாதி கலந்தால் நன்றாக வரும். உள்ளங்கையில் வைத்துத் தேயுங்கள். எலுமிச்சையும் ஆரஞ்சுத் தோலும் கலந்த வாசம் எழவேண்டும். வைக்கோல் வாசம் வந்தால் பழைய சரக்கு. நுண்ணிய மாவு கையில் ஒட்டினால் வண்டு வேலை செய்துகொண்டிருக்கிறது.

மிளகாய்: ஒரே ரகத்தில் காரமும் நிறமும் கிடைப்பது அரிது. குண்டூர்ப் பக்கத்துத் தேஜா மெல்லியது, காரம் கடுமை. சன்னம் நடுத்தரம். சுருங்கிய தோலுள்ள பியாடகி வகை நிறத்துக்கு. 500 கிராமில் 300 சன்னம், 150 பியாடகி, 50 தேஜா என்பது பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குச் சரி. காம்பருகே சாம்பல் நிறப் பொடியோ, உடைத்தால் விதையைச் சுற்றிக் கறுப்போ இருந்தால் முழுப் பொட்டலத்தையும் விட்டுவிடுங்கள். பூஞ்சை விடும் நஞ்சு வறுத்தாலும் சாகாது. ‘நல்லா வறுத்துட்டா சரியாயிடும்’ என்று சொல்பவர்களை நம்பவேண்டாம்.

மிளகாய் நம் பழைய சரக்கு அல்ல. அமெரிக்காவில் பிறந்து போர்த்துகீசியர் கப்பலில் இந்தியக் கரைக்கு வந்தது. அதற்குமுன் காரம் என்றால் மிளகுதான். ‘மிளகு போன்ற காய்’ என்று பெயர் வைத்து அதையும் நம் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டோம். தூளில் மிளகை விட மிளகாய் ஐந்து மடங்கு இருப்பதைச் சோழர் காலத்துச் சமையற்காரர் பார்த்தால் எதுவுமே புரியாது.

மிளகுக்குக் கொஞ்சம் அதிக நேரம்

சங்கத் தமிழில் ‘கறி’ என்றாலே மிளகு. கறித்தூள் என்ற சொல்லுக்குள் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் குவிந்து கிடந்தவற்றைப் பட்டினப்பாலை அடுக்கும்போது ‘கருங்கறி மூடை’ வருகிறது. சில அடிகள் கழித்துக் ‘காழகத்து ஆக்கம்’ வருகிறது. காழகம் கடாரம் என்று உரைகாரர் சொல்வர். அதாவது இந்தக் கெடா. பீடோங்கிலிருந்து மெர்போக் போகும் வழியில் சுங்கை பத்துவிலும் பூஜாங் பள்ளத்தாக்கிலும் தோண்டியெடுத்த இரும்பு உலைகளும் கோயில் அடித்தளங்களும் அந்தத் துறைமுகத்தின் மிச்சம். 1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை வந்ததும் இங்கேதான். தென்மேற்குக் காற்றில் கப்பல் வரும், காற்று திரும்பும்வரை காத்திருக்கும், வடகிழக்குக் காற்றில் திரும்பிப்போகும். அந்த இரண்டு காற்றுகள்தான் இன்றும் உங்கள் மிளகாய் காயுமா காயாதா என்று முடிவு செய்கின்றன.

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்தது மிளகுக்காக. 1511இல் மலாக்கா போர்த்துகீசியர் கைக்குப் போனதும் மிளகு, கிராம்பு, ஜாதிக்காய்ப் பாதைக்காக. மலாக்காவில் அப்போது குஜராத்தியரும் சோழமண்டலக் கரை வணிகரும் துணியைக் கொண்டுவந்து கொடுத்துச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மலாக்கா செட்டிகள் அந்த வணிகர் வழி வந்தவர்கள். தோட்டத்துக்குக் கூலியாக வந்த தமிழருக்குப் பல நூற்றாண்டு முந்தியது அந்தக் குடி.

இப்போது நம் கடையில் கிடைக்கும் மிளகு பெரும்பாலும் சரவாக்கிலிருந்து வருவது. அதற்குமுன் ஜொகூரில் சீனக் குடியேறிகள் ‘கங்ச்சு’ முறையில், அதாவது ஆற்றோர நிலத்துக்கு ஒரு தலைவர் உரிமம் வாங்கி ஆட்களைக் குடியேற்றும் முறையில், தோல் பதனிடச் சாறு தரும் காம்பீர்ச் செடியும் மிளகும் சேர்த்துப் பயிரிட்டார்கள். காம்பீர் இலையைக் கொதிக்கவைத்துச் சாறெடுத்தபின் மிஞ்சும் சக்கையை மிளகுக்கொடிக்கு எருவாகப் போடுவார்கள். மண்ணும் அடுப்புக்கு விறகும் தீர்ந்ததும் அடுத்த ஆற்றோரம் போய்க் காட்டை வெட்டுவார்கள். கங்ச்சு முறை 1917இல் ஒழிந்தது. அதற்குள் ரப்பர் வந்துவிட்டது.

நல்ல மிளகுக்குச் சோதனை: 250 மில்லி அளக்கும் குவளையில் தலைதட்டி எடுத்து நிறுத்துப் பாருங்கள். 135 கிராமுக்கு மேல் இருந்தால் நல்ல கனம். 125க்குக் கீழே போனால் உள்ளே பருப்பில்லாத பொக்கு அதிகம். வணிகர்கள் லிட்டருக்கு 550 கிராம் என்று பார்ப்பதும் இதே கணக்குதான். தண்ணீரில் போட்டாலும் தெரியும்: முற்றின மிளகு அடியில் போகும், பொக்கும் கலப்படப் பப்பாளி விதையும் மிதக்கும். சோதனைக்குப் போட்ட மிளகை மறுபடி மூட்டையில் சேர்க்காதீர்கள். வெள்ளை மிளகு வேண்டாம். அது பழுத்த மிளகை ஊறவைத்துத் தோல் நீக்கியது. காரம் உண்டு, தோலிலுள்ள வாசனை போய்விடும்.

பட்டை, கிராம்பு, ஏலம், ஜாதிக்காய்

இலங்கைப் பட்டை மெல்லிய தாள்களைச் சுருட்டியது போல் பல அடுக்கு, கையால் நொறுங்கும். சுமத்ராப் பட்டை ஒரே தடித்த தோல், இரண்டு ஓரமும் உள்ளே சுருண்டிருக்கும். விலை உயர்ந்தது இலங்கைப் பட்டை என்பதால் அதுதான் நல்லது என்று நினைக்கவேண்டாம். பாயசத்துக்கு அது, ஆட்டிறைச்சிக்குச் சுமத்ரா. மிளகாயும் மிளகும் சேர்ந்த தூளில் இலங்கைப் பட்டையின் மென்மை காணாமல் போகும்.

கிராம்பின் காம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசியவேண்டும். குவளைத் தண்ணீரில் போட்டால் மூழ்கவேண்டும் அல்லது தலை மேலே நிமிர்ந்து நிற்கவேண்டும். படுத்து மிதந்தால் எண்ணெய் எடுத்த சக்கை. கிராம்பு ஒரு காலத்தில் கிழக்கு இந்தோனேசியாவின் தெர்னாத்தே, திடோரே முதலிய சில தீவுகளில் மட்டும் விளைந்தது. ஜாதிக்காய் பண்டா தீவுகளில் மட்டும். 1621இல் டச்சுக் கம்பெனியின் யான் பீட்டர்சோன் கூன் பண்டா மக்களில் பெரும்பாலோரைக் கொன்றும் துரத்தியும் அடிமைகளாக்கியும், தோட்டங்களைத் தன் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஒரே பயிர், வெளியிலிருந்து கொண்டுவந்த உழைப்பு, ஒரே கம்பெனிக்கு விற்பனை. தோட்டம் என்ற ஏற்பாட்டின் பழைய வடிவங்களில் ஒன்று அங்கே தெரிகிறது. 1667இல் பிரெடா உடன்படிக்கையில் ருன் என்ற குட்டித் தீவு டச்சுக்காரரிடமும், மன்ஹாட்டன் ஆங்கிலேயரிடமும் இருக்கட்டும் என்று முடிவானது. ஜாதிக்காய்க்கு அவ்வளவு மதிப்பு.

ஏகபோகம் நாற்றால் உடைந்தது. பிரெஞ்சுக்காரர் பியேர் புவாவ்ர் 1770 வாக்கில் கிராம்பு, ஜாதிக்காய் நாற்றுகளைக் கடத்தி மொரீசியசுக்குக் கொண்டுபோனார். 1796இல் கிராம்பும் ஜாதிக்காயும் விளையும் மொலுக்கஸ் தீவுகளைப் பிடித்த ஆங்கிலேயர் நாற்றுகளைப் பினாங்குக்குக் கொண்டுவந்தார்கள். பினாங்கில் ஜாதித் தோட்டங்கள் பெருகி, 1860களுக்குள் நோய் கண்டு அழிந்தன. எதிர்க்கரையில் கரும்பு, பிறகு ரப்பர், பிறகு செம்பனை. பாலிக் பூலாவில் இன்றும் ஜாதிக்காய் கிடைக்கிறது. அதன் பழத்தோலை ஊறுகாய் போடுவதும் அங்கிருந்து வந்த பழக்கம்.

ஜாதிக்காயை மில்லில் போடாதீர்கள். எண்ணெய் அதிகம், கல்லில் பசையாக ஒட்டும். சமைக்கும்போது கால்வாசிக் காயைத் துருவிப் போட்டால் போதும்.

ஏலக்காயில் வெள்ளை உருண்டையாக ஒன்று கிடைக்கும். அது சயாம் ஏலம், வேறு செடி, கற்பூர வாசம் தூக்கல். நெய்ச் சோற்றுக்கு நன்று. தூளுக்குப் பச்சை ஏலக்காய். அது கேரளாவிலிருந்துதான் வரும் என்றில்லை. குவாத்தமாலாவிலிருந்தும் நிறைய வருகிறது. தோலோடு அரைக்கலாம். கொஞ்சம் சக்கை கூடுமே தவிரக் கெடுதலில்லை.

மஞ்சள் வீட்டிலேயே

வீட்டுக் கொல்லையில் மஞ்சள் இருந்தால் விரலி வாங்கவே வேண்டாம். இலை காய்ந்து சாய்ந்தபின் தோண்டி, கழுவி, மண்ணில்லாமல் தேய்த்து, மூழ்கத் தண்ணீர் ஊற்றி 45 நிமிடத்திலிருந்து 1 மணி நேரம் வேகவையுங்கள். ஈர்க்குச்சி தடையில்லாமல் இறங்கும் பதம். வேகாமல் காயவைத்தால் உள்ளே ஈரம் நின்று பூசணம் பிடிக்கும், நிறமும் திட்டுத்திட்டாக வரும். பிறகு நல்ல வெயிலில் 10 முதல் 15 நாள். இரண்டு விரலியைத் தட்டினால் உலோகம் போல் கணீரென்று ஒலிக்கவேண்டும். 5 கிலோ பச்சை மஞ்சளுக்கு 1 கிலோ தேறும். ஜனவரிக்கு முன் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

காயவைத்தல்

மல்லியைச் சல்லடையில் சலித்து, கல் பார்த்து, மூன்று தண்ணீரில் கழுவி, வெள்ளைத் துணியில் பரப்புங்கள். கழுவாத மல்லியில்தான் நறநறவென்று மண் வரும். காலை ஒன்பதுக்கு வெளியே, இரண்டு மணிக்கு உள்ளே. வானம் நீலமாக இருந்தாலும் இரண்டு மணிக்கு உள்ளே. சிமெண்டுத் தரையில் நேராகப் போடாதீர்கள், மாலையில் அடியிலிருந்து ஈரம் ஏறும். தகரக் கூரைமேல் தட்டு வைப்பது பலன் தரும், ஆனால் மிளகாய் நிறம் வெளுக்காமல் மெல்லிய துணி மூடவேண்டும். மல்லிக்கு இரண்டு வெயில், மிளகாய்க்கு இரண்டு மூன்று வெயில், மற்ற விதைகளுக்கு ஒன்று.

மிளகாய் காய்ந்ததா என்று ஒடித்துப் பாருங்கள். டப்பென்று ஒடிந்து விதை கலகலவென்று ஓடவேண்டும். தோல் போல் வளைந்தால் இன்னும் ஈரம். அந்த ஈரத்தோடு மில்லுக்குப் போனால் சல்லடை அடைத்துக்கொள்ளும், தூள் சூடாகி நிறம் மங்கும், மூன்றாம் வாரம் டின்னில் கட்டி விழும்.

வெயிலே இல்லையென்றால் அடுப்புப் பெட்டி (ஓவன்). 60 முதல் 70 பாகை செல்சியஸ் சூடு, கதவு இடுக்கில் ஒரு மரக்கரண்டி வைத்து ஈரக்காற்று வெளியேற விடுங்கள், மூன்று நான்கு மணி நேரம், இடையில் இரண்டு முறை புரட்டல். கதவை மூடிவிட்டால் மிளகாய் வெந்துபோகும். சூட்டைக் கூட்டினால் மேலே கருகி உள்ளே ஈரமாக நிற்கும்.

வறுவல்

தடித்த குவாலி, சிறு தீ, எண்ணெய் வேண்டாம். எண்ணெய் விட்டு வறுத்த தூள் இரண்டு மாதத்தில் சிக்கு வாசம் அடிக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஒரு தடவைக்கு 250 கிராமுக்கு மேல் போடாதீர்கள்.

முதலில் அரிசி, குவாலி பதமாகும், பொரிந்து வெள்ளையாக வரும்போது எடுத்துவிடலாம். தூளில் மீந்த ஈரத்தையும் மில்லில் எண்ணெய்ப் பசையையும் அது வாங்கிக்கொள்ளும். குழம்பும் கொஞ்சம் கெட்டிப்படும். அடுத்து மல்லி, ஆறிலிருந்து எட்டு நிமிடம். படபடவென்று சத்தம் வந்து, நிறம் ஒரு படி மாறி, விரலுக்கிடையில் நொறுங்கும்போது எடுங்கள். சோம்பு நான்கு நிமிடம், சீரகம் மூன்று. சீரகம் புகைய ஆரம்பித்தால் கசப்பு தொடங்கிவிட்டது. கறிவேப்பிலை சருகாகும்வரை.

மிளகும் பட்டையும் கிராம்பும் ஏலமும் அன்னாசிப்பூவும் ஈரநாட்டுக்காரர்கள். தொட்டால் சூடு தெரியும்வரை இரண்டு நிமிடம், அவ்வளவுதான். மிளகு வெடிக்கும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. மஞ்சளை வறுக்கவே வேண்டாம், காய்ந்ததை உரலில் பட்டாணி அளவுக்கு இடித்துவையுங்கள்.

மிளகாய் கடைசிக்கு முன்னால். 100 கிராம், 100 கிராமாக, மிகச் சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம். தோல் விறைத்துப் பளபளத்தால் முடிந்தது. நிறம் மாறக்கூடாது. சிட்டிகை உப்பு போட்டு வறுத்தால் நெடி குறையும் என்பார்கள். உண்மையில் உதவுவது வெளிக்கதவும் முதுகுப்பக்கம் சுழலும் விசிறியும்தான். லயத்து வீடு, அதாவது தோட்டத்து வரிசை வீடு என்றால் பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு அடுப்பு மூட்டுங்கள்.

வெந்தயம் கடைசி. செம்மண் நிறம் வந்ததும் உடனே தட்டில் கொட்டவேண்டும். குவாலியில் விட்டால் அடுப்பு அணைத்தபின்னும் கறுக்கும். 20 கிராம் கறுத்த வெந்தயம் 2 கிலோ தூளையும் கசக்கவைக்கும்.

எல்லாவற்றையும் தனித்தனித் தட்டில் முழுதாக ஆறவிட்டு, பிறகு ஒன்றாகக் கலந்து மூடியுள்ள டின்னில் போடுங்கள். சூட்டோடு நெகிழிப்பையில் கட்டினால் உள்ளே வியர்க்கும், வறுத்ததெல்லாம் வீண். வறுத்த அன்றே மில்லுக்குப் போகவேண்டும். ஓர் இரவு திறந்து கிடந்தாலே மல்லி மறுபடி பதத்துவிடும்.

மில்லில்

முன்பே கேட்டு வைத்துக்கொள்ளவேண்டியவை இரண்டு: குறைந்தது எத்தனை கிலோ என்றால் அரைப்பார்கள், மசாலைக்குத் தனி இயந்திரமா. மாவு இயந்திரத்தில் மசாலையை ஏற்க மாட்டார்கள், ஏற்றாலும் நீங்கள் ஒப்புக்கொள்ளாதீர்கள். அளவு போதாவிட்டால் இரண்டு வீட்டார் ஒரே அளவில் வறுத்துச் சேர்த்து அரைத்துப் பிரித்துக்கொள்ளலாம்.

உங்களுக்கு முன் என்ன அரைத்தார்கள் என்று பாருங்கள். மீன் தூள் அரைத்த கையோடு இறைச்சித் தூள் போட்டால் வெந்தய வாசம் கலக்கும். இரண்டு கைப்பிடி அரிசியை முதலில் ஓட்டி அதைத் தனியே எடுத்துவிட்டால் கல் சுத்தமாகும். உங்களுடையதிலேயே இரண்டும் இருந்தால் இறைச்சித் தூள் முதலில், மீன் தூள் பிறகு.

ஒரே ஓட்டத்தில் மைய அரைக்கச் சொல்லாதீர்கள். முதலில் கொரகொரப்பாக ஒன்று, கொஞ்சம் ஆறவிட்டு மையாக இன்னொன்று. தூள் கைபொறுக்காத சூட்டில் விழுந்தால் உங்கள் கிராம்பும் ஏலமும் மில்லின் கூரைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அரைக்கும் இடம் முழுக்க மணத்தால் மகிழவேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் துணிமேல் மெல்லியதாகப் பரப்பி, நிழலில், மின்விசிறி இல்லாமல் இரண்டு மூன்று மணி நேரம் ஆறவிடுங்கள். இடையில் ஒரு முறை கையால் நன்றாகக் கலந்துவிடவேண்டும். மில்லில் முதலில் விழுந்ததும் கடைசியில் விழுந்ததும் ஒன்றாக இருக்காது.

வைப்பு

சமையலறையில் 200 கிராம் போத்தல் ஒன்று மட்டும். மீதியைக் காய்ந்த டின்னில் அழுத்தி நிரப்பி மூடியைச் சுற்றி ஒட்டுத்தாள் போடுங்கள். மைலோ டின் நல்லது, பிஸ்கட் டின்னின் மூடி கொஞ்சம் தளர்வு. உறைபெட்டியில் இடமிருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் வெளியே எடுத்த டின் அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்கக்கூடாது, திறந்தால் உள்ளே பனித்துளி படியும். கொதிக்கும் சட்டிமேல் போத்தலைக் கவிழ்த்துத் தட்டும் பழக்கம்தான் கட்டி விழுவதற்குப் பெரிய காரணம். கரண்டியில் எடுத்து மூடிவிட்டு அடுப்புக்குப் போங்கள்.

சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கு அனுப்பும் தூளில் கசகசா சேர்க்கவேண்டாம். அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள். இங்கேயும் தூளில் அது வேண்டியதில்லை, சீக்கிரம் சிக்கெடுக்கும். தேவையானபோது தனியாக அரைத்து ஊற்றலாம்.

கெட்டுப்போனால்

காரம் மிஞ்சினால் வறுத்த மல்லி 200 கிராம் அரைத்துக் கலக்கலாம். வாசம் போதவில்லையென்றால் சோம்பும் பட்டையும் சிறிய அளவில் வீட்டு இயந்திரத்தில் அரைத்துச் சேர்க்கலாம். நிறம் கறுத்துவிட்டால் மிளகாய் கருகியது. நிறம் திரும்பாது, கறுப்பாக வைக்கும் ஆட்டுக்கறிப் பிரட்டலுக்கு ஒதுக்கிவிடுங்கள். கசப்புக்கு மாற்று இல்லை. பச்சை வாசம் தூளின் குற்றமல்ல: 1 கிலோ கோழிக்கு 40 கிராம் தூளைத் தண்ணீரில் குழைத்து, வெங்காயம் வதங்கியபின் ஊற்றி, ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை சிறு தீயில் கிளறினால் போய்விடும். கட்டியோடு பூஞ்சை வாசமும் இருந்தால் கொட்டிவிடுங்கள், விலையை நினைத்துச் சலிக்க உட்காராதீர்கள். முழுச் சரக்கில் வண்டு கண்டால், பொடி விழாத நிலையில், உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்து, சலித்து, வெயில் காட்டிப் பயன்படுத்தலாம்.

அடுத்த தீபாவளிக்கு நாட்காட்டியை மாற்றிக்கொள்ளுங்கள். குண்டூரில் புது மிளகாய் பிப்ரவரி வாக்கில் சந்தைக்குக் குவியும். ராஜஸ்தான் மல்லியும் குஜராத் சீரகமும் சோம்பும் மார்ச், ஏப்ரலில் அறுவடையாகும். நமக்கு வெயில் இருப்பது மார்ச் வரை. மார்ச் கடைசியில் கடைக்காரரிடம் ‘புதுச் சரக்கு வந்துவிட்டதா’ என்று கேட்டு மிளகாயை வாங்கி, காம்பு நீக்கி, மூன்று வெயில் காட்டி, காற்றுப் புகாத பையில் கட்டி உறைபெட்டியில் போட்டுவிடுங்கள். மல்லியும் விதைகளும் சற்றுப் பிந்தி வந்தாலும் ஒன்றிரண்டு வெயிலில் காய்ந்துவிடும். அக்டோபரில் வெளியே எடுத்து, பை திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டு, காலையில் வறுத்து, மழைக்கு முன் மில்லுக்குப் போய் வந்துவிடலாம்.